கொழும்பில கெக்கோ வளக்கிற ஆக்களுக்கு: ரெண்டு திரை கொன்ட்ரோலர் பற்றி என்ட ரிவியூ

முடிவை முதலே சொல்லிப்போட்டு விரிவா வாறன். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில எலெக்ட்ரோனிக் சாமான் விக்கிற கடையளில, மேல் திரையில வெப்பநிலையும் கீழ்த் திரையில ஈரப்பதனும் காட்டுற ஒரு டிஜிட்டல் கொன்ட்ரோலர் (அதில குத்தின சாமானை செட் பண்ணின அளவுக்குத் தானாப் போட்டு நிப்பாட்டிற பெட்டி) கிடைக்குதெல்லோ, லெப்பர்ட் கெக்கோ எண்ட பல்லி வச்சிருக்கிற ஆக்கள் அதைக் கட்டாயம் வாங்கலாம். வெப்பநிலைப் பக்கம் ஒண்டுக்கே குடுக்கிற காசு தகும். ஈரப்பதன் பக்கம் எங்கட ஊருக்குப் பெரிசா உதவாது, ஏன் உதவாது எண்டதை கொஞ்சம் நீட்டாத்தான் சொல்லப்போறன், அது விளங்காமத்தான் கனபேர் தேவையில்லாத சாமானெல்லாம் வாங்கித் தொட்டியைச் சுத்தி அடுக்கிறாங்கள்.

நாங்கள் இருக்கிறது வெள்ளவத்தையில, கடற்கரைப் பக்கம் இறங்கிற ஒரு லேனில, பிளாட் வீடு. கெக்கோ மகள்ட. ஆனா தொட்டி வேலை முழுக்க என்ட பொறுப்பு. இந்தப் பிராணியின்ட சொந்த இடம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாப் பக்கத்து வறண்ட கல்லு நிலம். அதுக்குத் தேவை, தொட்டியின்ட ஒரு பக்கம் நிலம் 32 தொடக்கம் 34 பாகை, மற்றப் பக்கம் 25, 26 பாகை, காத்தில ஈரப்பதன் 30 தொடக்கம் 40 வீதம். இது எங்க தேடிப் பாத்தாலும் கிடைக்கிற கணக்குத்தான். பிரச்சினை என்னெண்டால் வழிகாட்டி எழுதிற ஆக்கள் முக்கால்வாசிப்பேர் குளிர் நாட்டுக்காரர், அங்க குளிர்காலத்தில ஹீட்டர் போட்ட வீட்டுக்குள்ள காத்து காஞ்சு கிடக்கும், அதால அவையள் சூடாக்கு, தண்ணி தெளி, திருப்பியும் சூடாக்கு எண்டே எழுதுவினம். கொழும்பில அப்பிடியே தலைகீழ். இஞ்ச சராசரி வெப்பநிலையே 27, 28, ஈரப்பதன் சாதாரண நாளில 75, 80 வீதம், மழை நேரம் விடியப்புறத்தில 90ஐத் தொடும். குளிர்ப்பக்கம் 25க்கு இறங்கிறதே ஏசி இல்லாத வீட்டில ஒரு போராட்டம். ஆக இஞ்ச கெக்கோவுக்கு வாற ஆபத்து குளிர் இல்ல, கட்டுப்பாடில்லாத சூடும், அசையாமல் தேங்கி நிக்கிற ஈரக் காத்தும்தான். அந்தக் கண்ணோட பாத்துத்தான் நான் இந்தச் சாமானுக்கு மார்க் போடுறன்.

தொட்டி வாங்கின கடையில (பேர் வேண்டாம்) ஹீட் மேட்டும் (தொட்டிக்கு அடியில வைக்கிற, கரண்டில சூடாகிற விரிப்பு) ஈரப்பதன் காட்டுற ஒரு வட்ட முள்ளு மீட்டரும் சேத்துத்தான் தந்தவை. மேட்டை நேர பிளக்கில குத்தினால் போதும், அது தானா நிக்கும் எண்டு வலு உறுதியாச் சொன்னவை. கெக்கோவை உள்ள விட முன்னம் வெறுந் தொட்டியில மேட்டைப் போட்டு ஓட விட்டிட்டு தொடாமலே சூடு பாக்கிற இன்ஃப்ராரெட் கன்னால கண்ணாடித் தளத்தைப் பாத்தன், 42 பாகை, இன்னும் ஏறிக்கொண்டே நிண்டுது. தானா நிக்கிற கதை ஒண்டும் இல்ல. கொழும்பில அறை வெப்பநிலையே 29, 30 எண்டு இருக்கிறதால, லண்டனில 32ல நிக்கிற அதே மேட் இஞ்ச 40ஐத் தாண்டும், இதைத்தான் விக்கிற ஆக்கள் யோசிக்கிறதே இல்ல. சுட்டால் பிராணி விலகிப் போகும்தானே எண்டு கேப்பியள், அதை நம்பி இருக்கேலாது, அடியில இருந்து வாற சூட்டில அடி வயிறு வெந்து காயம் வந்தாலும் அதே இடத்தில படுத்திருக்கிற ஊர்வன கனக்க இருக்கு. தெர்மோஸ்டாட் (சூடு ஒரு அளவுக்கு வந்ததும் கரண்டை வெட்டுற சாமான்) இல்லாமல் மேட் விக்கிறது பிழை, அவ்வளவுதான் சொல்லுவன்.

இன்ஃப்ராரெட் கன் எண்டதும் கோவிட் நேரம் நெத்திக்குப் பிடிச்சதை எடுக்காதேங்கோ. அது உடம்புச் சூட்டுக்கெண்டு கணக்குப் போட்டுக் காட்டுற மாதிரிச் செய்தது, சிலதில மேற்பரப்புக்கு வேற மோட் இருக்கும், இருந்தால் அதுக்கு மாத்திப் பாவிக்கலாம், இல்லாட்டி சாமான்களின்ட சூடு பாக்கிற தொழிற்சாலைக் கன் தனியா விக்குது, அதை வாங்குங்கோ.

இனி கொன்ட்ரோலருக்கு வாறன். புறக்கோட்டையில கேட்டவுடன கடைக்கார அண்ணா "தம்பி, எத்தனை முட்டை வைக்கிறியள்?" எண்டுதான் திருப்பிக் கேட்டவர். அவருக்கு இந்தச் சாமான் கோழிக்குஞ்சு பொரிக்கிற இன்குபேட்டருக்குப் போறது. கெக்கோவுக்கு எண்டு சொன்னதும் ஒருக்கா என்னைப் பாத்திட்டு, பேசாமல் எடுத்துத் தந்தவர். இதை ஏன் சொல்லுறன் எண்டால், கடையில ஓட்டிக் காட்டேக்க முட்டைக் கணக்குக்கு 37.5 பாகையில செட் பண்ணித்தான் காட்டுவினம், வீட்ட கொண்டுவந்து அப்பிடியே தொட்டியில குத்தினால் கெக்கோவுக்கு அது அதிகச் சூடு. முதல் வேலை செட்டிங்கை மாத்திறது. நான் நிப்பாட்டிறதை 33 எண்டும், திரும்பப் போடுறதுக்கான வித்தியாசத்தை 1 பாகை எண்டும் வச்சிருக்கிறன், 33ல மேட் நிக்கும், 32க்கு வந்ததும் திரும்ப ஓடும். உள்ளுக்க ரிலே, அதாவது கரண்டைப் போட்டு நிப்பாட்டிற சுவிட்ச், "டிக்" எண்டு சத்தம் போடும், படுக்கை அறையில தொட்டி வச்சிருக்கிற ஆக்களுக்கு இரவில அது காதில விழும், எங்களுக்குப் பழகிப்போச்சு.

பிளக் விசயம் ஒண்டு. எனக்குக் கிடைச்சது வட்ட முள்ளு ரெண்டு பின், எங்கட வீட்டில எல்லாம் ஸ்குவெயர் பின். அடப்டர் போட்டு ஓட்டலாம், ஆனா எப்பவும் ஓடிக்கொண்டிருக்கிற சாமானுக்கு லூசான அடப்டர் நல்லதில்ல, எலெக்ட்ரீசியனைக் கொண்டு வயரை வெட்டி பியூஸ் உள்ள 13 அம்பியர் பிளக் போட்டு எடுத்தன். பின்னால ஸ்க்ரூவில வயர் பூட்டுற மாடலும் இருக்கு, விலை குறைவு, ஆனா 230 வோல்ட் போற முனையள் திறந்தபடி நிக்கும், சின்னப் பிள்ளையள் உள்ள வீட்டுக்கு வேண்டவே வேண்டாம். அதோட வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, தெஹிவளை எண்டு கடலோரத்தில இருக்கிற ஆக்கள் கவனிக்கோணும், உப்புக் காத்துக்கு அந்த ஸ்க்ரூவெல்லாம் கெதியாத் துருப்பிடிக்கும். சொக்கெட் ரெண்டும் பெட்டியிலேயே இருக்கிற மூடின மாடலுக்குக் கொஞ்சம் கூடக் குடுத்தாலும் பரவாயில்ல. நான் குடுத்தது நாலாயிரத்துக்கும் ஐயாயிரத்துக்கும் இடையில.

சென்சரை எங்க வைக்கிறது எண்டதுதான் முக்கியம், அதைப்பற்றிப் பெட்டிக்குள்ள வந்த தாளில ஒரு சொல்லும் இல்ல. மேட்டுக்கு நேர மேல, கெக்கோ ஒளிச்சுப் படுக்கிற சூட்டுப் பக்க ஒளிப்பிடத்துக்குக் கீழ, கண்ணாடித் தளத்தோட ஒட்டினபடி சென்சர் இருக்கோணும். காத்தில தொங்க விட்டால் அது காத்துச் சூட்டைத்தான் பாக்கும், காத்து 30 எண்டு நிக்கும், கீழ தளம் 40க்குப் போயிடும், கொன்ட்ரோலர் இன்னும் போடு இன்னும் போடு எண்டு மேட்டை ஓட்டிக்கொண்டே இருக்கும். கெக்கோ இரவில தோண்டித் தள்ளுற சாதி, சென்சரை இழுத்து வெளிய எடுத்துப்போட்டாலும் அதே கதைதான். அதுக்காக செலோடேப் ஒட்டாதேங்கோ, பசை அதின்ட தோலில ஒட்டினால் எடுக்கேக்க தோலோட வரும். ஒரு தட்டையான கல்லோ ஓட்டுத் துண்டோ வயருக்கு மேல வச்சு, அதுக்கு மேல ஒளிப்பிடத்தை வைச்சால் அசையாது. செட் பண்ணின பிறகும் கன்னால தளத்தை ஒருக்கா அடிச்சுப் பாருங்கோ, என்ட பெட்டி 33 எண்டு காட்டேக்க கன் 34 காட்டுது, அந்த வித்தியாசம் பரவாயில்ல.

வெப்பநிலை வேலையில இந்தச் சாமானுக்கு நான் ஒரு குறையும் சொல்லமாட்டன். ஒரே ஒரு பயம் இருக்கு, இது எல்லா ரிலே கொன்ட்ரோலருக்கும் உள்ள பயம். ரிலே பழுதாகேக்க சிலநேரம் ஒட்டிக்கொண்டு போட்டபடியே நிண்டிடும், பிறகு திரையில என்ன காட்டினாலும் மேட் நிக்காது. குளிர் நாட்டில ஹீட்டர் நிண்டு போறதுதான் பயம், எங்களுக்கு ஹீட்டர் நிக்காமல் போறதுதான் பயம். அதால ஒரு மலிவான, வெப்பநிலை மட்டும் பாக்கிற ரெண்டாவது தெர்மோஸ்டாட்டை வாங்கி அதே லைனில தொடரா மாட்டி 36ல வெட்டுற மாதிரி வச்சிருக்கிறன். முதலாவது ஒட்டிக்கொண்டாலும் ரெண்டாவது வெட்டும். ஹீட் மேட் இழுக்கிறது பத்து, இருபது வொட்ஸ் அளவுதான், பெரிய லோட் இல்ல, ரிலே கன காலம் தாங்கும், ஆனாலும் உயிர் விசயம்.

கரண்ட் போனால் என்ன செய்யிறது எண்டு கனபேர் கேக்கிறவை. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வெட்டினதை ஒருத்தரும் மறந்திருக்கமாட்டியள், 2025 பெப்ரவரி 9ல பாணந்துறை உப மின்நிலையத்தில குரங்கு பாய்ஞ்சு நாடே இருண்டதும் இருக்கு. கொழும்பில லெப்பர்ட் கெக்கோவுக்கு அது அப்பிடிப் பயப்பிடுற விசயம் இல்ல. மேட் நிண்டால் தொட்டி அறை வெப்பநிலைக்கு வரும், அறை 28, 29ல நிக்குது, இரவில 21, 22 வரைக்கும் கூட இந்தப் பிராணி தாங்கும். கன நேரம் சூடு இல்லாட்டி சாப்பாடு செமிக்கிறது மட்டும் சுணங்கும், அண்டைக்குப் பூச்சி குடுக்காமல் விட்டால் சரி. கரண்ட் வந்ததும் கொன்ட்ரோலர் பழைய செட்டிங்கிலேயே ஓடத் தொடங்குது, அதையும் பாத்திட்டன். ஆக கெக்கோவுக்கெண்டு யூபிஎஸ் வாங்க வேண்டாம்.

இனி ஈரப்பதன். முதல்ல உங்கட மீட்டர் உண்மை சொல்லுதா எண்டு பாக்கோணும், அதுக்கு வீட்டுக் குசினியில இருக்கிற உப்புக் காணும். ஒரு போத்தில் மூடியில சாப்பாட்டு உப்பை நிரப்பி, ஈர மணல் மாதிரி வாற அளவுக்கு மட்டும் துளித் துளியாத் தண்ணி விடுங்கோ, கரைஞ்சு தண்ணியா நிக்கக் கூடாது. அந்த மூடியையும் மீட்டரையும் காத்துப் போகாத ஒரு டப்பாவுக்குள்ள, உப்பு மீட்டரில படாமல் வச்சு இறுக்கி மூடி, ஒரு நாள் விட்டு, திறக்காமலே பாருங்கோ. நிறைவு உப்புக் கரைசலுக்கு மேல நிக்கிற காத்தில ஈரப்பதன் எப்பவும் 75 வீதம், அறை வெப்பநிலை கொஞ்சம் கூடிக் குறைஞ்சாலும் மாறாது, அதால இது நல்ல அளவுகோல். கொன்ட்ரோலரின்ட சென்சர் 72 காட்டினது, அதை மெனுவில 3 கூட்டி விட்டிட்டன், அந்த வசதி இருக்கிறது பெரிய விசயம். பற்றரி போடுற சின்ன டிஜிட்டல் மீட்டர் ஒண்டு 77 காட்டினது, அதுவும் மோசமில்ல. தொட்டியோட தந்த வட்ட முள்ளு மீட்டரோ 50லயே நிண்டுது, டப்பாவைத் தட்டினால் முள்ளு 55க்கு வந்து திரும்பப் போய் 50ல நிண்டுது. இப்பிடிப்பட்ட மீட்டரைப் பாத்துத்தான் எத்தனையோ வீட்டில "எங்கட தொட்டி சரியாத்தான் இருக்கு" எண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம், அதை நினைச்சால் எனக்கு உண்மையிலேயே கவலை. வட்ட முள்ளு மீட்டரைக் கழட்டி எறியுங்கோ. கன நாள் 85, 90ல கிடந்தால் டிஜிட்டல் சென்சரும் மெல்ல விலகும், அதால இடைக்கிடை இந்த உப்புப் பரீட்சை வைக்கிறது நல்லம்.

சரியான மீட்டர் கிடைச்ச பிறகு என்ன தெரியும் எண்டால், தொட்டிக்குள்ள 60, 65 வீதம். உடன எல்லாரும் கொன்ட்ரோலரின்ட ஈரப்பதன் சொக்கெட்டில ஒரு சின்ன பேன் குத்தி, 40க்கு மேல போனால் பேன் ஓடு எண்டு செட் பண்ணுவினம். நானும் பரிசோதிக்கிறதுக்கெண்டே யூனிட்டி பிளாசாவில 12 வோல்ட் கொம்பியூட்டர் பேன் ஒண்டு வாங்கிப் பூட்டிப் பாத்தன். பேன் நிக்காமல் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனா 40 வராது. வராது எண்டதுக்குக் காரணம் இருக்கு, பேன் வெளிய தள்ளுற காத்துக்குப் பதிலா உள்ள வாறது அறையின்ட காத்து, அந்தக் காத்திலேயே அவ்வளவு தண்ணி இருக்கு. உள்ள இருக்கிற தண்ணிக் கிண்ணத்தால கூடின ஈரத்தை மட்டும்தான் பேன் எடுக்கும், அறையை விடக் காய வைக்க அதால ஏலாது.

உண்மையில ஈரப்பதனைக் குறைக்கிற வேலையைச் செய்யிறது சூடுதான். 27 பாகையில 80 வீதம் ஈரப்பதன் உள்ள காத்தை 32 பாகைக்குச் சூடாக்கினால் உள்ள இருக்கிற தண்ணி அதே அளவுதான், ஆனா சூடான காத்துக்குக் கூடத் தண்ணி பிடிக்கிற சக்தி இருக்கிறதால வீதம் கிட்டத்தட்ட 60க்கு இறங்கிடும். தொட்டிக்குள்ள சூட்டுப் பக்கம் ஈரப்பதன் குறைவாயும் மற்றப் பக்கம் கூடவாயும் காட்டுறது இதாலதான், மீட்டர் பழுதெண்டு நினைக்காதேங்கோ. ஏசி போட்ட அறை 26 பாகை, 55 வீதம் எண்டு இருந்தால், அந்தக் காத்து 32க்கு ஏறேக்க 40 வீதத்துக்குக் கிட்ட வரும். அதான் நீங்கள் தேடுற கணக்கு! ஆக ஏசி அறையில தொட்டி வச்சிருக்கிற ஆக்களுக்கு ஒண்டும் செய்யாமலே சரி வரும். ஏசி இல்லாத ஆக்கள் கரண்ட் பில்லை நினைச்சுக் கலங்க வேண்டாம், 55, 60ல கெக்கோ உடன செத்துப் போறதில்ல, தேங்கின காத்தும் ஊறின தரையும் சேரேக்கதான் மூச்சுத்தொற்றும் தோல் வருத்தமும் வாறது. மூடி முழுக்கக் கண்ணாடி எண்டால் மாத்தி வலை போடுங்கோ, தண்ணிக் கிண்ணத்தைச் சின்னதாக்கிக் குளிர்ப்பக்கம் வையுங்கோ, தரைக்குத் தும்புச்சோறு போடாதேங்கோ, அது எங்கட காத்திலேயே ஈரத்தை உறிஞ்சிப் பூஞ்சணம் பிடிக்கும், தரை ஓடு இல்லாட்டி பேப்பர் நல்லம். வாயைத் திறந்து மூச்சு விட்டாலோ மூக்கில நுரை மாதிரி வந்தாலோ மிருக வைத்தியரிட்டக் கொண்டு போறதைப் பின்போடாதேங்கோ.

ஒரு இடத்தில மட்டும் ஈரம் கட்டாயம் வேணும். கெக்கோ பகலில வளைக்குள்ள படுக்கிறது, வளைக்குள்ள வெளியை விட ஈரம் கூட. அதுக்குப் பதிலா ஒரு ஐஸ்கிரீம் டப்பாவில ஓட்டை வெட்டி உள்ளுக்க நனைச்சுப் பிழிஞ்ச டிசு போட்டு நடுப் பக்கத்தில வையுங்கோ, டிசுவை அடிக்கடி மாத்துங்கோ. எங்கட கெக்கோ தோல் உரிக்கிற நேரம் உடம்பு மங்கி வெள்ளையாப் போகும், நேர அந்த டப்பாவுக்குள்ள போய்ப் படுக்கும், பிறகு வாயால தோலை இழுத்து இழுத்து உரிச்சுத் திண்டு முடிச்சிடும், மகள் ஒவ்வொரு தரமும் பக்கத்தில இருந்து பாப்பாள். முடிஞ்சதும் டோர்ச் அடிச்சு விரல்களைப் பாருங்கோ. விரல் நுனியில தோல் வளையம் மாதிரி மிஞ்சினால் அது காஞ்சு இறுகி இரத்தம் போகாமல் விரலே விழுந்திடும். வெதுவெதுப்பான தண்ணியில கொஞ்ச நேரம் காலை நனைய விட்டு, காது துடைக்கிற பஞ்சால மெதுவா உருட்டினால் வரும், இழுக்கக் கூடாது.

கொன்ட்ரோலரின்ட ஈரப்பதன் சொக்கெட் ஆருக்கு உதவும் எண்டால், குளிர் நாட்டில இருக்கிற ஆக்களுக்கும், ஏசி அறையில ஈரம் விரும்பிற பிராணி வச்சு மிஸ்ட் மெஷின் ஓட்டுற ஆக்களுக்கும். கிரெஸ்டட் கெக்கோ எண்ட வேற இனம் வாங்க யோசிக்கிற ஆக்களுக்கு ஒரு சொல்லு, அதுக்கு ஈரம் எங்கட காத்திலேயே காணும், ஆனா 28 பாகையைத் தாண்டி நிண்டால் அதுக்கு ஆபத்து, ஏசி நாள் முழுக்க ஓட்ட ஏலாட்டி வாங்கிப் பாவம் தேடாதேங்கோ. அதோட எந்தப் பிராணி எண்டாலும் வாங்க முன்னம் பத்தரமுல்லையில இருக்கிற வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தில அனுமதி விசயம் கேளுங்கோ. நட்சத்திர ஆமையை ஆராவது "சும்மா வளக்கலாம்" எண்டு தர வந்தால் வேண்டாம் எண்டு சொல்லுங்கோ, 1937ஆம் ஆண்டு விலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்ட கீழ அது பாதுகாக்கப்பட்டது.

புறக்கோட்டையில வாங்கேக்க கவுண்டரிலேயே பிளக் குத்தி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கோ, அவை மறுக்கமாட்டினம். சென்சரை உள்ளங்கைக்குள்ள பொத்திப் பிடிச்சால் கொஞ்ச நேரத்தில மேல் திரை ஏறோணும், செட் பண்ணின இலக்கத்துக்கு வந்ததும் "டிக்" எண்டு ரிலே விழுந்து லைட் அணையோணும் (முட்டைக் கணக்கு 37.5க்குக் கைச் சூடு காணாது, முதலே இலக்கத்தைக் கடைச் சூட்டுக்குக் கொஞ்சம் மேல குறைச்சு வைக்கச் சொல்லுங்கோ). வாயால ஊதினால் கீழ்த் திரை உடன ஏறி, விட்டதும் மெல்ல இறங்கோணும், இறங்காமல் மேலேயே நிண்டால் அந்தச் சென்சர் பழுது, வேற பெட்டி கேளுங்கோ. வோரன்டி எண்டு பெரிசா ஒண்டும் தரமாட்டினம், எனக்கு ஒரு கிழமை எண்டுதான் பில்லில எழுதித் தந்தவை, அந்தக் கிழமைக்குள்ள உப்புப் பரீட்சையை முடிச்சிடுங்கோ.